டெனிஷ்ல ட்ரோன்ஃபொல்யர், க்ரோன்ப்ரின்ஸ், அர்வெப்ரின்ஸ்: மூண்டுக்கும் "பட்டத்து இளவரசர்" எண்டு போடலாமோ?

வெள்ளவத்தை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில ஒரு சின்னத் தமிழ் வாரப் பேப்பருக்கு வெளிநாட்டுப் பக்கம் மொழிபெயர்க்கிறனான். கொஞ்சக் காலம் டென்மார்க்கில அக்கா வீட்டில இருந்து படிச்சதால டெனிஷ் வாசிச்சா விளங்கும். இப்ப டென்மார்க் அரச குடும்பத்தைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை தந்திருக்கினம், அதுக்குள்ள அரியணை, வாரிசு சம்பந்தமான சொல்லுகள் குவிஞ்சு கிடக்கு, டிக்ஷனறியைப் பார்த்தா எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் வருது.

ஆசிரியர் ஐயா சொல்லுறார் எல்லாத்துக்கும் "பட்டத்து இளவரசர், பட்டத்து இளவரசி" போடுங்கோ பிள்ளை, சனத்துக்கு அது பழக்கம் எண்டு. ஆனா கட்டுரையில ஒரு வசனம் இருக்கு, 1953ல, பிறகு ராணியா வந்த மார்கிரேத ட்ரோன்ஃபொல்யர் ஆனா, ஆனா க்ரோன்ப்ரின்செஸ் எண்ட பட்டம் அவவுக்கு வரேல்ல எண்டு. ஐயா சொன்ன மாதிரி எழுதினா "அவர் பட்டத்து இளவரசி ஆனார், ஆனால் பட்டத்து இளவரசி ஆகவில்லை" எண்டு வரும். அதை அச்சில போட எனக்கு மனம் வருகுதில்லை. அர்வெப்ரின்ஸ் எண்டு இன்னொண்டு வேற வருது. அர்விங், எஃப்டர்ஃபொல்யர் எண்டதுகளும் இருக்கு. தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ, வியாழக்கிழமை பக்கம் கட்டுவினம்.

ஹேர்ணிங் மாமா:

பிள்ளை, நீங்கள் நிண்டு யோசிச்சது நல்லது. இஞ்ச டென்மார்க்கில பிறந்த எங்கட பிள்ளைகளே இதுகளை மாறி மாறித்தான் சொல்லுதுகள், ஆனா டெனிஷ்காரருக்கு ரெண்டும் வேற. ட்ரோன்ஃபொல்யர் எண்டது ஒரு நிலை, ட்ரோனெ எண்டா அரியணை, ஃபொல்யெ எண்டா பின்னால வாறது, ஆக அரியணைக்கு அடுத்ததா நிக்கிற ஆள், அது ஆணோ பெண்ணோ தம்பியோ மகளோ எண்டு கணக்கில்லை. க்ரோன்ப்ரின்ஸ் எண்டது பட்டம். அவரைக் கட்டின மனுசிக்கு க்ரோன்ப்ரின்செஸ் எண்ட பட்டம் தானா வரும், ஆனா அவவுக்கு அரியணையில ஒரு உரிமையும் இல்லை. இப்ப ராணியா இருக்கிற மேரியைப் பாருங்கோ, கலியாணம் கட்டின 2004ல இருந்து 2024 வரைக்கும் க்ரோன்ப்ரின்செஸ், ஒரு நாளும் ட்ரோன்ஃபொல்யர் இல்லை. மார்கிரேத நேர் எதிர்.

அந்த 1953 கதையைக் கட்டுரையில விரிச்சு எழுதினா வாசிக்கிற ஆக்களுக்குத் தெளிவா இருக்கும். ஒன்பதாம் பிரெடரிக் ராசாவுக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளைகள், மார்கிரேத, பெனடிக்த, ஆன்-மரீ. அப்ப இருந்த சட்டப்படி பெண் அரசாளேலாது, அதால ராசாவின்ர தம்பி க்னுட் தான் அடுத்த ஆள். 1953 மே மாசம் சனத்திட்ட வாக்கெடுப்பு வைச்சு அரசியலமைப்பையும் ட்ரோன்ஃபொல்யெலோவ் எண்ட அரியணைச் சட்டத்தையும் மாத்தினாங்கள், 13 வயசு மார்கிரேத சித்தப்பாவைத் தாண்டி முன்னுக்கு வந்தா. க்னுட் அதுக்குப் பிறகு சாகும் வரைக்கும் அர்வெப்ரின்ஸ் எண்ட பட்டத்தோட தான் இருந்தவர். அர்வ் எண்டா பரம்பரையா வாறது. உரிமை கையை விட்டுப் போன மனுசனுக்கு அந்தச் சொல் மட்டும் மிஞ்சினது எனக்கு எப்ப வாசிச்சாலும் மனசைத் தொடும்.

1953லயும் சமத்துவம் வரேல்ல எண்டதையும் எழுதுங்கோ. தம்பி பிறந்திருந்தா அக்கா பின்னால போகவேணும், அப்பிடித்தான் சட்டம். அதை மாத்தினது 2009 ஜூன் 7 வாக்கெடுப்பில, இப்ப மூத்த பிள்ளை ஆணெண்டாலும் பெண்ணெண்டாலும் மூத்ததுக்குத்தான். நான் போடுறதெண்டா ட்ரோன்ஃபொல்யருக்கு "முடிக்குரியவர்", க்ரோன்ப்ரின்சுக்கு "பட்டத்து இளவரசர்", மேரி மாதிரி ஆக்களுக்கு முதல் தரம் "பட்டத்து இளவரசரின் மனைவி" எண்டு ஒருக்கா எழுதிப்போட்டுப் பிறகு "பட்டத்து இளவரசி".

புதுக்கடை அப்புக்காத்து:

மேல சொன்னதோட நானும் உடன்பாடு. அர்விங் எண்ட சொல்லில மட்டும் கொஞ்சம் கவனம் வேணும் தங்கச்சி. நான் கோட்டில மொழிபெயர்ப்பு ஆவணங்கள் நிறையப் பார்க்கிறன், டென்மார்க்கில செத்துப்போன எங்கட ஆக்களின்ர பேப்பருகளும் இடைக்கிடை வரும். அங்க அர்விங் எண்டது வீடு, காசு, நிலம் எல்லாத்துக்கும் உரித்தாளி, ராசாவுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. சாதாரண சனம் நாளாந்தம் பாவிக்கிறது. அதில த்வங்ஸ்அர்விங் எண்டு ஒண்டு இருக்கு, உயில் எழுதினாலும் முழுசா ஒதுக்கேலாத உரித்தாளி, அதாவது பிள்ளையளும் கலியாணம் கட்டினவரும். 2008ல இருந்து அவையின்ர சட்டப் பங்கில கால்வாசியை எந்த உயிலாலும் பறிக்கேலாது. இதை "வாரிசு" எண்டு போட்டு அரியணைக் கதையோட கலந்தீங்கள் எண்டா வாசகர் குழம்புவினம், காணிப் பங்கு கேட்டு வழக்குப் பேசிற மாதிரி ராசா வீட்டுக் கதையை வாசிப்பினம்.

எங்கட பக்கமே இதுக்கு நல்ல சொல்லுகள் இருக்கு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில முதுசம் வேற, சீதனம் வேற, தேடியதேட்டம் வேற, ஆராவது அதை எல்லாம் "சொத்து" எண்டு ஒரே சொல்லில அடைச்சா நான் ஒத்துக்கொள்ளமாட்டன். பிரதேச செயலகத்தில காணிப் பெர்மிட்டுக்குப் பேர் போடுறதை "பின்னுரித்தாளர்" எண்டு சொல்லுவினம் பாருங்கோ, இப்ப காணிக்குச் சொந்தக்காரர் இருக்கேக்கையே அவருக்குப் பிறகு ஆர் எண்டு பதியிறது. ட்ரோன்ஃபொல்யர் எண்ட நிலைக்கு அது கிட்ட வருது, ஆனா பேப்பரில போட்டா கச்சேரி வாசம் அடிக்கும், "முடிக்குரியவர்" தான் சரி. இன்னொண்டு, அந்தப் பின்னுரித்தாளர் வரிசையில மகனை முன்னுக்கு வைச்ச சட்டம் எங்கட நாட்டில 2022ல தான் திருத்தப்பட்டது. டென்மார்க் 2009ல செய்ததைப் பற்றி எழுதேக்க எங்கட வாசகருக்கு இதையும் ஒரு வரி சொன்னால் என்ன, காணிக்காக ஒப்பீசு வாசலில அலைஞ்ச பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்.

மருதானைத் தம்பி:

நான் டெனிஷ் தெரியாத ஆள், வரலாறு மட்டும் வாசிக்கிறனான், அரியணை எண்ட பொருளைப் பற்றிச் சொல்லுறன். டென்மார்க் ராசாக்கள் அபிஷேகத்துக்கு இருந்த கதிரை கோப்பன்ஹேகன்ல ரோசன்போர்க் மாளிகையில இருக்கு. அது நார்வால் எண்ட கடல் மிருகத்தின்ர நீளக் கொம்புப் பல்லால செய்தது, அந்தக் காலத்துச் சனம் அதை ஒற்றைக் கொம்புக் குதிரையின்ர கொம்பெண்டு நம்பினது, 1671ல ஐந்தாம் கிறிஸ்தியானுக்கு முதல் தரம் பாவிச்சு 1840ல எட்டாம் கிறிஸ்தியானோட அந்த வழக்கம் முடிஞ்சுது. முன்னுக்கு மூண்டு வெள்ளிச் சிங்கம் காவல். அதால ட்ரோனெ எண்டதுக்கு "சிம்மாசனம்" எண்டு போட்டாலும் பிழையில்லை எண்டு நினைக்கிறன், சிங்கம் அங்கயும் நிக்குது.

உங்களுக்குக் கிட்டவே ஒண்டு இருக்கு அக்கா, நேரம் கிடைச்சா கொழும்பு மியூசியத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. கண்டி ராசாவின்ர சிம்மாசனம், 1690களில ஒல்லாந்தர் ரெண்டாம் விமலதர்மசூரியனுக்குக் குடுத்தது, பொன் தகடு போர்த்தினது, சிகப்பு வெல்வெட், கை வைக்கிற ரெண்டு பக்கமும் சிங்கம், தலைக்கு மேல சூரியன். பிரிட்டிஷ்காரர் கொண்டுபோய் 1934ல தான் திருப்பித் தந்தவங்கள். அரியணை எண்டு எழுதிறதுக்கு முதல் கண்ணால ஒண்டைப் பார்த்தா எழுத்தில ஒரு பாரம் வரும். கண்டியிலயும் பிள்ளை இல்லாமல் நரேந்திரசிங்கன் 1739ல செத்தபிறகு ராணியின்ர தம்பி தான் ராசா ஆனவர், மதுரை நாயக்கர் வழி அப்பிடித்தான் இஞ்ச வந்தது, அதுக்கு டெனிஷ்ல என்ன சொல் வரும் எண்டு எனக்கும் அறிய ஆசை. டென்மார்க்காரர் இந்தியாவுக்குப் போறதுக்கு முதல் 1620ல எங்கட திருகோணமலைக்கு வந்தவங்கள், கண்டி ராசாவோட பேச்சு சரிவராமல் தான் அதே வருசம் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிட்டத் தரங்கம்பாடியை வாங்கினது, கட்டுரையில இடமிருந்தா அதையும் தொடுங்கோ.

வெள்ளவத்தை வாசகி:

அண்ணா, தம்பி, மாமா, எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. முடிக்குரியவர், பட்டத்து இளவரசர், உரித்தாளி எண்டு மூண்டையும் பிரிச்சு எழுதி ஐயாட்டக் காட்டினன். மனுசன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு 1953 பந்தியை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னார். அர்வெப்ரின்சுக்கு "வழியுரிமை இளவரசர்" எண்டு போட்டிருக்கிறன், ஆருக்கும் மறுப்பிருந்தா சொல்லுங்கோ. எஃப்டர்ஃபொல்யர் மட்டும் இன்னும் இழுபடுது மாமா, அதோட 2024ல மார்கிரேத அரியணையை மகனுக்கு விட்ட மாற்றத்துக்கு "பதவி விலகல்" எண்டு போடலாமோ, மந்திரி விலகின மாதிரி இருக்கு.

ஹேர்ணிங் மாமா:

எஃப்டர்ஃபொல்யர் எண்டது ஆருக்குப் பிறகும் வாற ஆள், கொம்பனி டைரக்டருக்குப் பிறகு வந்தவரும் எஃப்டர்ஃபொல்யர் தான், "அடுத்து வந்தவர்" எண்டு எழுதினாலே போதும். வழியுரிமை இளவரசர் நல்லாயிருக்கு. தம்பி கேட்ட கண்டிக் கதைக்கு ட்ரோன்ஃபொல்யெ எண்டு தான் சொல்லவேணும், அரியணை போற வரிசை, ராணியின்ர தம்பியெண்டாலும் சொல் மாறாது.

2024க்கு டெனிஷ் பேப்பர்கள் ட்ரோன்ஸ்கிஃப்டெ எண்டு எழுதினது, அரியணை கை மாறுறது. அதுக்கு முதல் நாட்டில ஒரு ராசா தானா முடி துறந்தது 1146ல எரிக் லாம், அதால சனத்துக்கு அந்த வார்த்தையே புதுசு. மார்கிரேத புதுவருசத்துக்கு முதல் நாள் இரவு டிவியில சொன்னதோ த்ரேதெ தில்பாக்கெ எண்டு, பின்வாங்கி நிக்கிறன் எண்ட மாதிரி, கனமான சொல் ஒண்டும் பாவிக்கேல்ல. ஜனவரி 14ம் திகதி ஸ்டாட்ஸ்ரோட்ல, மந்திரிமார் இருக்கிற மேசையில, கையெழுத்துப் போட்டுப்போட்டு எழும்பி மகனைத் தன்ர கதிரைக்கு விட்டுட்டு "கடவுள் ராசாவைக் காக்கட்டும்" எண்டு சொல்லிக்கொண்டு வெளியில போனா, நாங்கள் வீட்டில எல்லாரும் எழும்பி நிண்டு பார்த்தனாங்கள். பிறகு பிரதமர் மெத்த ஃப்ரெடெரிக்சன் கிறிஸ்தியான்ஸ்போர்க் மாளிகை மாடியில நிண்டு பத்தாம் பிரெடரிக் பேரை மூண்டு தரம் கூவினா. "முடி துறந்தார்" எண்டு போடுங்கோ பிள்ளை, பதவி விலகல் வேண்டாம். அண்டைக்கு முடிக்குரியவர் ஆனது பத்தாம் பிரெடரிக்கின்ர மூத்த மகன் கிறிஸ்தியான், 2005ல பிறந்தவர், இப்ப க்ரோன்ப்ரின்ஸ் பட்டமும் அவருக்குத்தான், அவர்ல ரெண்டு சொல்லும் ஒண்டாச் சேருது, அந்த இடத்தில நீங்கள் எதைப் போட்டாலும் சரி வரும்.