அம்பை வீட்டுக் குழு: பெரியப்பாவின் பிரீமியம்

*ஜனவரி 6, செவ்வாய்*

மீனா: (படம்) அப்பா, அம்மா ஹெல்த் பாலிசிக்கு ரினீவல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 57,000. கடைசி நாள் 18. ரமேஷ், பார்.

வள்ளி: பெரியப்பாவுக்கா? 57ஆ!!

முத்து: மாதம் 4,750. மாமாவுக்கு வரும் பி.எஃப். பென்ஷன் இதில் பாதி கூட இல்லை.

ரமேஷ்: மீட்டிங். அப்புறம் பார்க்கிறேன்

மீனா: போன மாதம் கேட்டபோதும் மீட்டிங்தான்.

கோமதி: இனிய காலை வணக்கம் 🙏 (பிள்ளையார் படம்)

மணி: மீனா, நோட்டீஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போன வருடம் நாம் கட்டியது 61,360. அதில் பாலிசிக்கு 52,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 9,360. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி கிடையாது. ஆகவே 57,000 என்றதும் குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கம்பெனி 52-ஐ 57 ஆக்கியிருக்கிறது, கிட்டத்தட்ட 9.6 சதவீதம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் முதலில் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு. பத்தைத் தொடாமல் நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

வள்ளி: அப்பா, சுருக்கமா

மணி: சுருக்கம்தான் இது.

மீனா: ஏஜென்ட் வேறு பிளான் சொல்கிறார் சித்தப்பா. அதே 5 லட்சம் கவர், வருடத்துக்கு 31,000. மாதாமாதம் கட்டலாம், 2,600க்குள் வருமாம். ரிட்டயர் ஆனவர்களுக்கென்றே போட்டதாம்.

முத்து: அப்புறம் என்ன, போட்டுவிட வேண்டியதுதானே

கோமதி: எனக்குப் பென்ஷனில் மாதம் 497 பிடிக்கிறார்கள். நாலு வருடத்துக்கு 5 லட்சம். ஆறாயிரத்துக்குள் வருடம் முடிந்துவிடும்.

மீனா: உங்களுக்கு என்ன அத்தை, அரசாங்கம்.

கோமதி: சும்மா வந்துவிடவில்லை மீனா. களக்காட்டுக்கும் நாங்குநேரிக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினேன். உங்கள் அப்பாவை டீச்சர் டிரெயினிங் சேரச் சொல்லி எங்கள் அப்பா தலையால் அடித்துக்கொண்டார். மில்லில்தான் சம்பளம் அதிகம் என்று போனது யார்?

முத்து: அம்மா, விடுங்கள்

குமார்: (பல முறை பகிரப்பட்டது) ‼️அவசரம்‼️ 70 வயது நிறைந்த அனைவருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு ரூபாய் கூட வேண்டாம். ஆதார் கார்டு போதும். எல்லாக் குழுவுக்கும் அனுப்பவும்‼️

வள்ளி: அண்ணா சிங்கப்பூரில் இருந்துகொண்டு இலவச வைத்தியம் அனுப்புகிறான்

மணி: குமார், பாதி சரி. மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத்தில் 70 வயதுக்காரர்களை வருமானம் பார்க்காமல் சேர்த்தது. வருடம் 5 லட்சம். பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரியில் மட்டும். எந்த ஆஸ்பத்திரியிலும் என்பது பொய்.

குமார்: பெரியப்பாவுக்கு 70 ஆகிவிட்டதே

மணி: ஆதாரில் 68. வேலையில் இரண்டு வருடம் கூட இருக்கட்டும் என்று தாத்தா பள்ளிக்கூடத்தில் குறைத்துப் போட்ட வயது.

கோமதி: எனக்கும் சேர்த்துத்தான் குறைத்தார். வீட்டில் பாதிப் பேருக்கு ஜூன் 1 பிறந்தநாள் 😂

வள்ளி: முதலமைச்சர் காப்பீடு?

முத்து: வருட வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். அம்பை வீட்டு மாடி வாடகையைச் சேர்த்தால் மாமாவுக்குத் தாண்டிவிடும்.

கோமதி: மாடிக்கு வாடகை வருகிறதா? எனக்குத் தெரியாதே.

மீனா: அத்தை, அந்தக் காசில்தான் போன வருடம் ஓடு மாற்றினோம்.

கோமதி: நான் ஒன்றும் கேட்கவில்லையே. தெரியாது என்றேன்.

மணி: அதை இங்கே வேண்டாம். பொங்கலுக்கு எல்லாரும் வரும்போது பேசலாம். மீனா, அந்த 31,000 பிளானில் ரூம் வாடகைக்கு எவ்வளவு போட்டிருக்கிறது? கோ-பே, அதாவது கிளெய்மில் நம் கையிலிருந்து போடும் பங்கு, உண்டா?

மீனா: ரூமுக்கு ஒரு நாளைக்கு 5,000. கோ-பே 20 சதவீதம்.

மணி: அங்கேதான் இருக்கிறது விஷயம். அண்ணன் 8,000 ரூபாய் ரூமில் படுக்கிறார் என்று வைத்துக்கொள். பில் 2 லட்சம். ரூம் வாடகையில் மட்டும் பிடித்தம் என்று நினைக்காதே. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாமே ரூமைப் பொறுத்து ஏறுவதால் அவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள். மருந்து, ஸ்டென்ட், டெஸ்ட் இவற்றில் கை வைக்கக் கூடாது. பில்லில் 1,20,000 அந்த வகை என்றால் 75,000 ஆகிவிடும். மருந்து வகை 80,000 அப்படியே. மொத்தம் 1,55,000. அதில் 20 சதவீதம் நம் கையிலிருந்து, 31,000. கம்பெனி தருவது 1,24,000. நம் பை 76,000. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது 26,000.

வள்ளி: 😮

முத்து: 5,000 ரூமிலேயே படுத்துக்கொண்டால்?

மணி: அதே 2 லட்சம் பில் என்றாலும் அப்போது 40,000தான் நம் பை. ஆனால் அட்மிட் ஆகிற ராத்திரியில் "இந்த ரூம்தான் காலி" என்பார்கள். அப்போது யார் வாடகை பார்ப்பது?

கோமதி: உண்மை. எனக்குக் கண் ஆபரேஷனுக்குப் போனபோது காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று லென்ஸுக்கு வித்தியாசம் என்று வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டால் முறைக்கிறார்கள்.

கோமதி: முத்து, வரும்போது பனங்கிழங்கு இரண்டு கட்டு வாங்கு. போன தடவை மாதிரி நார் நாராக வேண்டாம்.

முத்து: சரி

வள்ளி: எங்களுக்கும் அத்தான் 🙋‍♀️

குமார்: பார்சல் அனுப்ப முடியுமா

மணி: பனங்கிழங்கு தனியாகப் பேசுங்கள்.

கோமதி: பேசுகிறேன். பொங்கல்படி பற்றியும் தனியாகவே பேசுகிறேன், போன வருடம் வராதது.

*மாலை*

ரமேஷ்: ஆபீஸில் கேட்டேன். இந்த பாலிசியை 3 லட்சமாகக் குறைத்துவிட்டு, மேலே 10 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் போட்டால் மொத்தச் செலவு குறையுமாம்.

மீனா: வந்துவிட்டார் துரை.

மணி: நல்ல யோசனைதான் ரமேஷ். வெறும் டாப்-அப் வேண்டாம். அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, 3 லட்சம் தாண்டினால் தரும். ஆனால் புது பாலிசிக்குப் புதுக் காத்திருப்பு. அண்ணனுக்குச் சர்க்கரையும் ஸ்டென்டும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை நிறுத்தி வைக்கலாம். எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்லலாம்.

ரமேஷ்: போர்ட் பண்ணி வேறு கம்பெனிக்கு மாற்றலாமே. பழைய வருடங்கள் கூடவே வரும்.

மணி: 45 நாளுக்கு முன்னாலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரம். அப்போது நீ மீட்டிங்கில் இருந்தாய்.

வள்ளி: அப்பா 🔥

ரமேஷ்: சரி, நானே 57 கட்டுகிறேன். விடுங்கள்.

மீனா: நீ கட்டி என்ன பிரயோஜனம்? நீ புது வரி முறை. நான் வீட்டுக் கடனுக்காகப் பழையதிலேயே இருக்கிறேன். அப்பா அம்மாவுக்குக் கட்டினால் வருமான வரி 80டி பிரிவில், வருமானத்திலிருந்து 50,000 வரை எனக்குக் கழியும். நான் கட்டுகிறேன், பாதியை நீ எனக்கு அனுப்பு.

ரமேஷ்: நான் கட்டினால் ஊருக்குத் தெரியும் என்று பயமா?

மீனா: ஸ்டென்ட் வைத்தபோது யார் கட்டினார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

முத்து: மாமா இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பார்

மணி: பணமாகக் கட்டாதே மீனா, கழிவு கிடைக்காது. உன் அக்கவுன்டிலிருந்து போக வேண்டும்.

சங்கரன்: நான் பார்வதி எழுதுகிறேன். அவர் தூங்குகிறார். நேற்று அந்த ஏஜென்ட் தம்பி வந்தது. இவர் புது பாலிசி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஏன் பாரம் என்கிறார். நாளைக்கு செக் வாங்க வருமாம் தம்பி.

மீனா: அம்மா!!!

ரமேஷ்: என்ன

மணி: பார்வதி மைனி, ஃபாரத்தில் ஸ்டென்ட் பற்றி எழுதியிருக்கிறதா?

சங்கரன்: சர்க்கரை மட்டும் போட்டால் போதும் என்று அந்தத் தம்பியே நிரப்பியது.

மணி: போச்சு. நாளைக்கு நெஞ்சு வலி என்று போனால் மறைத்துவிட்டீர்கள் என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். ஐந்து வருடம் விடாமல் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அப்படிக் கிளற முடியாது. நம் பழைய பாலிசிக்கு ஒன்பது வருடம். 57,000 எதற்கு என்றால் அந்த ஒன்பது வருடத்துக்குத்தான். மைனி, செக் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் பாலிசி கையில் வந்து 30 நாளுக்குள் திருப்பிவிடலாம், ஆனால் அதற்குள் 18 தாண்டிவிட்டால்

மணி: பழையது போய்விடும் என்று சொல்ல வந்தேன். தாமதமாகக் கட்ட 30 நாள் சலுகை உண்டு, ஆனால் மொத்தமாகக் கட்டுகிற பாலிசிக்கு அந்த இடைவெளியில் கவர் கிடையாது. தவணை என்றால் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்.

ரமேஷ்: அப்போ பழையதையே மாதத் தவணையாக மாற்றினால்?

மணி: மாற்றலாம். கிளெய்ம் வந்தால் மீதித் தவணையை அதில் பிடித்துக்கொள்வார்கள். கம்பெனியைக் கேட்க வேண்டும்.

மீனா: யார் கேட்பது?

ரமேஷ்: நாளை லஞ்சில் கேட்கிறேன்

மீனா: முத்து அத்தான், நாளைக் காலை வீட்டுக்குப் போக முடியுமா? ஏஜென்ட் வருவதற்குள்.

முத்து: காலையில் ஆலங்குளம். உரம் இறக்க வேண்டும். மத்தியானம் போகிறேன்.

மீனா: அவர் பத்து மணிக்கு வருவார்.

கோமதி: நான் போகிறேன். பாளையிலிருந்து ஒரு மணி நேரம். அண்ணன் என் பேச்சைக் கேட்டதில்லை, அது வேறு.

சங்கரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சங்கரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரமேஷ்: அப்பா?

சங்கரன்: யாரும் வர வேண்டாம். செக் புத்தகமே தீர்ந்துவிட்டது.

கோமதி: 8.20 பஸ்ஸுக்கு வருகிறேன். பார்வதியை இட்லி ஊற்றச் சொல்லுங்கள்.