லேபர் டே வீக்கெண்ட் லேக் பவெல் போறோம், போட் ஓட்டினவங்க கொஞ்சம் சொல்லுங்க
மக்களே, லேபர் டேக்கு (அமெரிக்கால செப்டம்பர் முதல் திங்கள் லீவு) அரிசோனால பேஜ்ங்கற ஊர் பக்கம் இருக்கற லேக் பவெல் ஏரிக்குப் போறோம், நாலு பெரியவங்க ரெண்டு வாண்டுங்க, ஒரு நாளைக்கு பான்டூன் போட் (மிதவை மேல தட்டையா தளம் போட்ட படகு) புக் பண்ணியாச்சு, ஆனா எனக்கு கார் தவிர எதுவும் ஓட்டிப் பழக்கமில்ல, அதான் உதறல். மதியத்துக்கு மேல காத்து எடுத்தா அலை ஏரிக்கரைல இருக்கற செங்குத்துப் பாறைல மோதித் திரும்பி நாலா பக்கமும் ஆட்டுமாமே, அப்போ எத்தனை மணிக்குள்ள கரைக்கு வந்துடணும்? 12 வயசு வரைக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்னு தெரியும், சின்னவனுக்கு வாங்கினத தோள்ல பிடிச்சுத் தூக்கினா காது வரைக்கும் ஏறுது, சைஸ் பெருசுதானே?

இன்னொரு கூத்து, அரிசோனால கடிகாரத்த மாத்த மாட்டாங்க, கோடைல பக்கத்து மாநிலம் யூட்டா ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், ஏரி ரெண்டு மாநிலத்துலயும் கிடக்கு. போன வருஷம் சும்மா சுத்திப் பாக்கப் போனப்ப என் போன் தானா யூட்டா டைமுக்குத் தாவி, எல்லாரையும் அஞ்சு மணிக்கே எழுப்பிவிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க எப்படி சமாளிக்கிறீங்க? அப்புறம் குழந்தைங்க இறங்கி விளையாட மணல் கரை எந்தப் பக்கம் கிடைக்கும்? தண்ணி மட்டம் ஏறி இறங்குறதால பழைய போட்டோவ நம்ப முடியல.