உலகின் முதலிடப் படம், 201 நிமிடம்: எதைத் தவறவிட்டேன்?

வெண்திரை:
பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் ஆகர்மேனின் 'ழான் டீல்மன்' (1975) பார்த்து முடித்தேன். எக்காலத்துக்குமான சிறந்த படங்களுக்காக 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய 2022 வாக்கெடுப்பில் முதலிடம் வாங்கிய படம். பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் ஒரு விதவை உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், லைட்டை அணைக்கிறாள். பிற்பகலில் பணத்துக்காக ஒரு ஆணை வீட்டுக்குள் விடுகிறாள். கேமரா நகரவே இல்லை, பின்னணி இசையும் இல்லை. கடைசியில் நடக்கும் ஒன்றுக்காக மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டுமா? மெதுவான படங்கள் எனக்குப் பிடிக்கும், சத்யஜித் ராய் படங்களை ஆசையாகப் பார்ப்பேன். இதில் ஏமாற்றம்தான் மிச்சம்.

அரங்கு17:
முடிவுக்காகக் காத்திருந்து பார்த்தால் இந்தப் படம் கையில் சிக்காது. முக்கியமான இடம் இரண்டாம் நாள் பிற்பகல். படம் மூன்று நாட்களில் நடக்கிறது. முதல் நாளில் எல்லாம் அச்சு மாறாமல் போகும்: அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கு அணையும், வாங்கிய பணம் மேஜை மேல் உள்ள பீங்கான் சூப் பாத்திரத்துக்குள் போகும், மூடி விழும். இதை மனதில் பதிய வைக்கத்தான் அத்தனை நிமிடங்கள்.

இரண்டாம் நாள் வந்தவர் போன பிறகு அந்தப் பாத்திரம் திறந்தே கிடக்கிறது. தலைமுடி கலைந்திருக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாளே, கதையின் திருப்பமே அதுதான். மூன்றாம் நாள் ஷூ பிரஷ் கை நழுவுகிறது, உடையில் ஒரு பட்டனைப் போட மறந்துவிடுகிறாள், காபி ருசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி போடுகிறாள். வழக்கமாக உட்காரும் கஃபே இருக்கையில் வேறு யாரோ. ஏன் குலைந்தது என்று ஒரு வசனம்கூடச் சொல்லாது.

ராய் படத்தில் நிதானம் இருந்தாலும் முகத்துக்கு குளோஸப் உண்டு, இசை உண்டு. எதை உணர வேண்டும் என்று அவை வழிகாட்டும். ஒளிப்பதிவாளர் பபெட் மங்கோல்ட்டின் கேமரா இங்கே தாழ்வாக, நேர் எதிரே நிற்கும். நாயகியாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் நளினத்துக்குப் பேர்போன நட்சத்திரம். அவரே முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறார். எங்கே பார்ப்பது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

நிழல்பெட்டி:
பாதி ஏமாற்றம் அந்த 'முதலிடம்' கிளப்பியது. அந்த வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் 10 படங்களைச் சொல்வார்கள். அவற்றுக்குள் தரவரிசை கிடையாது. பட்டியலில் இடம்பெற்றால் ஒரு ஓட்டு, அவ்வளவே. 2012இல் இதே படம் 36ஆவது இடம். 2022இல் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகி 1,600ஐத் தாண்டினார்கள். நிறையப் பேரின் பத்தில் இது இருந்தது என்றுதான் பொருள், எல்லோரும் இதையே உச்சியில் வைத்தார்கள் என்றல்ல.

குறையும் உண்டு. கனடாவிலிருந்து வந்த கடிதத்தை அவள் ஒரே தொனியில் கடகடவென வாசிக்கும்போது சப்டைட்டிலைப் பிடிக்கவே நேரம் போய்விடும். மூன்றாம் நாளில் கோட்டுப் பட்டன் தேடிக் கடை கடையாக அலையும் பகுதியும் எனக்குத் தொய்வுதான். பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனைக் குறைவு இல்லை.

அரங்கு17:
கடிதம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். பட்டன் பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் குலைந்த ஒழுங்கைத் தெருவில் சரிசெய்யப் பார்க்கிறாள், அதுவும் கைகூடவில்லை.

ரீல்_கட்டு:
மறுபடி பார்ப்பதாக இருந்தால் போனில் வேண்டாம். மூடி இல்லாத பாத்திரமும் விடுபட்ட பட்டனும் அந்தத் திரையில் தெரியாது. 1.5 மடங்கு வேகமும் கூடாது. எந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதே படத்தின் பொருள் என்பதால் அதோடு எல்லாம் போய்விடும். டிவியில் படத்தைப் பெரிதாக்கும் ஜூம் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டுப்படும். சத்தத்தைக் கூட்டி வையுங்கள்: குதிகால் ஒலி, ஸ்விட்ச் ஒலி, குழாய்த் தண்ணீர், எல்லாம் அவள் மனநிலையைச் சொல்பவை. முதல் நாள் முடிவிலும் இரண்டாம் நாள் முடிவிலும் எழுத்து அட்டை வரும். இடைவேளை வேண்டுமென்றால் அங்கே நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். அதற்கு முன் ஆகர்மேன் 1968இல் எடுத்த 'சோத் மா வில்' குறும்படத்தைப் பாருங்கள். 13 நிமிடம்தான். அதிலும் ஒரு சமையலறை, ஒரு பெண், தலைகீழாகும் வீட்டு வேலை. அது உங்களைத் தொடவே இல்லையென்றால் 201 நிமிடத்தை இன்னொரு முறை செலவழிக்க வேண்டாம்.