லத்தீன் எச்சங்களிடம் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

எச்சமும்மிச்சமும்:
லத்தீன் படிக்கத் தொடங்கி நாலாவது மாதம். 'படித்த பையன்' என்பதை மொழிபெயர்க்கச் சொன்னார் ஆசிரியர். படித்தலுக்கு லெகெரே, அதன் இறந்தகால எச்சம் லெக்டுஸ், பையனுக்குப் புவேர். 'புவேர் லெக்டுஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். "பையனை யாருப்பா படிச்சது?" என்று சிரித்தார்.

தமிழில் இதை நாம் கவனிப்பதே இல்லை. படித்த பையன் என்போம், படித்த புத்தகம் என்போம். எது படித்தது, எது படிக்கப்பட்டது என்று தலை தானாகப் பிரித்துக்கொள்ளும். லெக்டுஸ் என்றால் 'படிக்கப்பட்ட' மட்டும்தான். புத்தகத்துக்கு ஒட்டும், பையனுக்கு ஒட்டாது. அவனைச் சொல்ல 'குயி லேகிட்', அதாவது 'எவன் படித்தானோ அவன்' என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இதில் லொகூடுஸ் வேறு ஒரு வம்பு. பார்த்தால் செயப்பாட்டுவினை, பொருளோ 'பேசிய'. செகூடுஸும் ('பின்தொடர்ந்த') அப்படியே. இந்த ரகத்தை உருப்போட்டுத்தான் ஆக வேண்டும்.

பழைய குருமடத்தான்:
திருப்பலியின் பழைய லத்தீன் செபத்தில், இயேசு அப்பத்தை எடுக்கும் இடத்தில், 'எலெவாதிஸ் ஒகுலிஸ்' என்று வரும். சொல்லுக்குச் சொல் 'கண்கள் உயர்த்தப்பட்டு'. உயர்த்தியவர் அவர்தான், ஆனால் 'உயர்த்தி' என்று சொல்ல எச்சம் இல்லாததால், கண்களைத் தனியாகப் பிரித்து அப்ளேட்டிவ் வேற்றுமையில் (நம் 'ஆல்', 'இலிருந்து' போன்றது) நிறுத்திவிடுகிறது லத்தீன். பாடப்புத்தக விளக்கம் எனக்கு ஏறவே இல்லை. தமிழ் வகுப்பில் கேட்ட 'மழை பெய்து நெல் விளைந்தது' ஒருநாள் ஞாபகம் வந்தது. பெய்தது மழை, விளைந்தது நெல், எழுவாய் இரண்டு. 'ஊர்பே காப்டா' என்பதும் அதே கட்டுமானம்: ஊர் பிடிபட்டு, வீரர்கள் திரும்பினார்கள்.

நான் தமிழைப் பிடித்துக்கொண்டு லத்தீனுக்குப் போனேன். வீரமாமுனிவர் எதிர்த்திசையில் வந்தவர். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது.

செடிகொடி டீச்சர்:
நான் லத்தீன் படித்ததில்லை, தாவரப் பெயர்களை உருப்போட்டதோடு சரி. வெட்டுக்காயப்பூண்டுக்கு ட்ரைடாக்ஸ் ப்ரொகும்பென்ஸ். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் டெகோமா ஸ்டான்ஸ். முதலாவது 'கிடக்கிற', இரண்டாவது 'நிற்கிற' என்று பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. செடிகளும் அப்படியே இருக்கின்றன! இத்தனை வருடம் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன், அர்த்தத்தை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

எச்சமும்மிச்சமும்:
டீச்சர், எதிர்கால எச்சமும் உண்டு. 'மொரிடூரி' என்றால் சாகப்போகிறவர்கள். சாகப்போகிற நாங்கள் உம்மை வணங்குகிறோம் என்று கிளாடியேட்டர்கள் எப்போதும் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெடோனியுஸ் எழுதியிருப்பது ஒரே ஒரு நிகழ்ச்சியை: ஃபூசினுஸ் ஏரியில் பேரரசர் கிளாடியுஸ் நடத்திய கப்பற்போர்க் காட்சி. அங்கே வீரர்கள் சொன்ன இந்த வணக்கத்துக்குக் கிளாடியுஸ் சொன்ன பதில் 'அவுட் நோன்', 'அல்லது இல்லை'. ஒரு எச்சத்துக்கு மறுப்பு, அவ்வளவுதான். வீரர்களோ மன்னிப்பே கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். 'மன்னிப்பு கொடுக்கப்பட்டதுபோல்' என்பதற்கு அங்கே சுவெடோனியுஸ் எழுதுவது 'குவாசி வெனியா டாடா'. பழைய குருமடத்தான், உங்கள் அப்ளேட்டிவ்தான்.