ஆற்றோர நடையில் எதிர்ப்பட்டவை: மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

ஈசூன் நடையாளர்:

சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள சதுப்புநிலக் காப்பகமான சுங்கை பூலோவின் பாதைகளை இங்குள்ளவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் தந்தையையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு பெரிய பாலத்தில் நின்றிருந்தேன். நீர் வற்றியிருந்த நேரம். எதிர்ச் சேற்றுக் கரையில் ஓர் ஆள் நீளத்துக்கும் அதிகமாக ஏதோ கிடந்தது. அலையில் ஒதுங்கிய மரக்கட்டை என்றார் அப்பா. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஜொகூர் நீரிணையின் ஏற்ற வற்றம் அறிந்தவர் என்பதால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. மகள் கைப்பிடியின் கீழ்க் கம்பியில் ஏறி, உடலை வெளியே சாய்த்துப் பார்த்துவிட்டு, "கட்டைக்குக் கண் இருக்கு தாத்தா" என்றாள்.

அவளுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த பிறகுதான் நானும் அந்தக் கண்ணைப் பார்த்தேன். முதலை அசையவே இல்லை. எங்களுக்கும் அதற்கும் இடையே போதிய தூரமும் இருந்தது. இருந்தாலும் அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நடக்கக் கூப்பிட்டால் முழங்கால் வலிக்கிறது என்கிறார். அவர் பயந்துவிட்டாரா, அல்லது பேத்தியின் முன்னால் சொன்னது தவறிப்போனதே என்று வருந்துகிறாரா என்பதை என்னால் கேட்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பறவை பார்ப்பவன்:

எனக்கு நேர்ந்ததைச் சொல்ல இரண்டு வரி போதும். அதே சுங்கை பூலோவில், கடலேற்றத்தின்போது குளத்து மேட்டில் ஒற்றைக் காலில் உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பவளக்காலி உள்ளான்கள், என் கைப்பேசி ஒலித்ததும் ஒரே வீச்சில் எழுந்து பறந்துவிட்டன. வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து, மார்ச் வாக்கில் மீண்டும் அங்கே திரும்ப வேண்டிய பறவைகளின் ஓய்வைக் கெடுத்துவிட்டேனே என்ற உறுத்தல் இன்னும் தீரவில்லை.

ஆனால் முதலில் எழுதியவரிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். அது முதலைதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? முதலையைப் பார்த்ததாக என்னிடம் வந்து சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பது நீர் உடும்பையே. உடும்பு நீந்தும்போது தலையையும் நீண்ட கழுத்தையும் தூக்கி வைத்திருக்கும். பாம்பினுடையதைப் போன்ற பிளவுபட்ட நாக்கை அடிக்கடி வெளியே நீட்டும். முதலைக்கோ கண்ணும் மூக்கு நுனியும் மட்டுமே நீருக்கு மேலே தெரியும். வாலின் மேற்புறம் ரம்பப் பற்களைப் போல இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காமல் பார்த்ததையெல்லாம் முதலை என்று பரப்பினால், 1993ஆம் ஆண்டு முதல் மக்கள் அச்சமின்றி நடந்துவரும் ஓர் இடத்தைப் பற்றி வீண் பீதிதான் கிளம்பும். இன்னொன்று: பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வற்றத்தின்போது வரக் கூடாது. வெளிச் சேற்றுத் திட்டுகள் மூழ்கினால்தான் அவை உள்குளங்களுக்கு வரும். ஆகவே கடலேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே ஏதாவதொரு காலையைத் தேர்ந்தெடுங்கள். வெளிர் நிறச் சட்டையைத் தவிருங்கள். பறவை பார்க்கும் மறைவிடத்துக்குள் நுழையும்போதே கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

தெம்பனிஸ் மருமகன்:

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள கோனித் தீவில் தனியாகத் திரிந்த அந்தக் காளையைப் பார்த்தவர்கள் இங்கே யாரேனும் இருக்கிறீர்களா? அந்தத் தீவின் பூங்கா திறந்தது 2015 அக்டோபரில். அடுத்த பொங்கலின்போது ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை அங்கே அழைத்துப் போனேன். மேடு பள்ளம் இல்லாத பாதை என்பதால் அவரால் எளிதாக நடக்க முடிந்தது. சவுக்கு மரங்களுக்கு இடையே, திமிலும் தொங்கு தாடையுமாக, நம் ஊர் மாட்டைப் போலவே அது நின்றது. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு பைக்குள்ளிருந்து வாழைப்பழத்தை எடுத்து இரண்டடி முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பழத்தை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மாட்டை நெருங்கக் கூடாது என்ற அறிவிப்பை நுழைவாயிலில் படித்திருந்தேன். நான் செய்ததில் தவறில்லை.

ஆனாலும் அவர் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. "மாட்டுப் பொங்கலன்னைக்கு ஒத்த மாடா நிக்குதே மாப்பிள்ளை, அதுக்கு யாரு பொங்கல் வைப்பா?" அந்த ஆண்டு முடிவதற்குள் காளை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாமியாரிடம் நான் அதைச் சொல்லவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவர் காளையை விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். சென்ற ஆண்டு அவரும் காலமாகிவிட்டார்.

ஈசூன் நடையாளர்:

பறவை பார்ப்பவன் அவர்களுக்கு: எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் தம் தொலைநோக்கியை மகளிடம் கொடுத்தார். வாலின் மேற்புறத்து ரம்பப் பற்களை அவள் வாய்விட்டு எண்ணினாள். அது முதலைதான். பீதியைக் கிளப்ப நான் இதை எழுதவில்லை. அப்பாவைப் பற்றியே எழுதினேன்.

ஜூரோங் மேற்குவாசி:

தெம்பனிஸ் மருமகன் செய்தது முற்றிலும் சரி. அதற்காக அவர் வருந்தவே கூடாது. வனவிலங்குச் சட்டம் 2020 ஜூனில் நடப்புக்கு வந்த பிறகு, காட்டு விலங்குக்கு உணவளித்து முதல் முறை பிடிபட்டாலே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும், மீண்டும் பிடிபட்டால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். அபராதத்தை விடுங்கள். ஒரு பூங்காவுக்கு அருகே யாரோ வீசிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த காட்டுப்பன்றி ஒன்று, என் மகன் கையிலிருந்த நெகிழிப் பையைக் கண்டதும் அவனை நோக்கி வந்தது. பையை எறியச் சொல்லி நான் கத்தினேன். அவன் எறிந்தான், அது நின்றுவிட்டது. எனக்கு நடந்தது அவ்வளவுதான். ஆனால் மனிதர் கையில் பை இருந்தால் அதில் உணவு இருக்கும் என்று அந்தப் பன்றிக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதை எல்லாரும் யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு இன்னும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நீர்நாய்க் குடும்பம் கரையேறும்போது படம் எடுக்க ஓடாதீர்கள், குட்டிகளுக்கும் பெரியவற்றுக்கும் நடுவே நிற்காதீர்கள். 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் நடந்து சென்ற ஒருவரை நீர்நாய்கள் பல இடங்களில் கடித்தது நினைவிருக்கும். பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றின் நடுவே போடப்பட்டிருக்கும் கற்களில் பிள்ளைகளைத் தாண்டவிடும் பெற்றோர், முதலில் மேற்குப் பக்க வானத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. 2012இல் அதை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். இன்று புல்லும் பூவுமாக அழகாக இருந்தாலும், மழைநீரைச் சுமந்து செல்லும் வேலையை அது கைவிடவில்லை. பூங்காவில் ஒரு சொட்டும் விழாதபோதே, மேற்கே ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை ஆற்றில் ஏறிவிடலாம். எச்சரிக்கை ஒலி கேட்டால் செருப்பு, பந்து, சைக்கிள் எதையும் எடுக்கத் திரும்பாமல் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

சுவா சூ காங் பெரியவர்:

எல்லாரும் விலங்குகளைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னுடையதும் நாய்களில்தான் தொடங்கியது.

பணி ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒருமுறை 925ஆம் எண் பேருந்தில் கிராஞ்சி நீர்த்தேக்கம் வரை போய், அங்கிருந்து நியோ தியூ சாலை வழியாக லிம் சூ காங் பக்கம் நடப்பது என் வழக்கம். தரை சமமாக இருக்கும், ஆள் நடமாட்டம் இராது, இருபுறமும் பண்ணைகள். எங்கள் பழைய கம்பத்தின் (கிராமத்தின்) வாசனை சிங்கப்பூரில் எனக்கு இன்னும் கிடைப்பது அந்தச் சாலையில்தான். ஒரு காலை, பண்ணை வேலியோரமாக ஐந்தாறு நாய்கள் குரைத்தபடி என்னைச் சூழ்ந்தன. குடையை ஓங்கினேன், குரைப்பு கூடியது. ஓட நினைத்த அந்த நேரத்தில், "ஓடாதீங்க அண்ணே, அப்படியே நில்லுங்க. அதுங்க கண்ணைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி எனக்கும் நாய்களுக்கும் இடையே நின்றார். அவருக்குப் பழகிய நாய்கள் போலும், ஒவ்வொன்றாக வாலைத் தாழ்த்தி விலகின.

காய்கறிப் பண்ணையில் வேலை செய்வதாகச் சொன்னார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிரதான சாலை வரை என்னோடு நடந்தார். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வெள்ளாற்றங்கரை. ஆண்டில் பாதி நாள் அந்த ஆறு மணலாகத்தான் கிடக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஆற்றுக்குள்ளேயே நடந்து போவோம் என்றார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். எங்கும் இல்லை, சும்மா நடக்கத்தான் வந்தேன் என்றேன். "நடக்கிறதுக்குன்னே இவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவீங்களா?" என்று கேட்டார். கேலி எதுவுமில்லை, உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

சாலைக்கு வந்ததும் பணப்பையிலிருந்து 10 வெள்ளியை எடுத்து நீட்டினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை அண்ணன் தம்பி போலப் பேசிக்கொண்டு வந்தவரின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "வேணாம் சார்" என்றார். அண்ணே என்று அழைத்த வாய் அந்த ஒரு நோட்டைக் கண்டதும் சார் என்றது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரங்களும் அதே நேரத்துக்கு அதே வேலியோரம் போய் நின்றேன். நாய்கள் இருந்தன, நான் தரையைப் பார்த்தபடி நின்றதால் அவை என்னை ஒன்றும் செய்யவில்லை. பண்ணை வாசலில் நின்றவரிடம் விசாரிக்கலாம் என்றால், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? அவ்வளவு தூரம் கூடவே நடந்தும் நான் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.