முட்டை அவிக்கத் தனியாக ஒரு மின்சாதனம் தேவையா?

அம்பத்தூர் கலா கேட்கிறார்:

வீட்டில் ஐந்து பேர். மூத்தவன் பள்ளியின் கைப்பந்து அணியில் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் ஆறு முட்டை அவித்தாக வேண்டும். ஏழரைக்குள் நான்கு டிபன் டப்பாக்கள் கட்டி முடித்திருக்க வேண்டும். அடுப்பில் இருப்பதோ இரண்டு பர்னர். ஒன்றில் சாதம், மற்றொன்றில் குழம்பு அல்லது தோசைக்கல். முட்டைச் சட்டிக்கு இடம் கிடைப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது. இதைப் பார்த்த என் கணவர், ஏழு முட்டை பிடிக்கும் எக் பாய்லர் 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிவிடலாம் என்கிறார்.

650 ரூபாய் ஒன்றும் பெரிய தொகை இல்லையே என்று அவர் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பரணில் கிடக்கும் எல்லாமே அப்படிச் சொல்லி வாங்கியவைதான். சப்பாத்தி போடும் இயந்திரத்தில் அப்பளம்தான் வந்தது. கயிற்றை இழுத்து வெங்காயம் நறுக்கும் டப்பாவில் மூன்றாம் மாதம் கயிறு உள்ளே போனது, திரும்பி வரவே இல்லை. ஆரஞ்சு பிழியும் கருவியைக் கழுவும் நேரத்தில் ஆரஞ்சையே உரித்துத் தின்றுவிடலாம். ஒவ்வொன்றும் முதல் மாதம் அடுப்புக்குப் பக்கத்தில் கொலுவிருக்கும். பிறகு மேடையின் மூலைக்கும், அங்கிருந்து கீழ்த்தட்டுக்கும், கடைசியில் பரணுக்கும் போய்விடும்.

ஓராண்டுக்கு மேல் எக் பாய்லர் பயன்படுத்தியவர்கள் மட்டும் சொல்லுங்கள். வாங்கிய மறுநாள் எழுதும் புகழ்ச்சி எனக்கு வேண்டாம்.

மேலூர் தாத்தா:

அம்மா, உங்கள் வீட்டில் இட்லிப் பானை இருக்கிறதா? இருந்தால் எக் பாய்லர் ஏற்கெனவே இருக்கிறது. குழிக்கு ஒரு முட்டை வைத்து மூடுங்கள். ஆவி வந்த பிறகு பன்னிரண்டு நிமிடம். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு கையோடு வந்துவிடும். மிகப் புதிய முட்டை மட்டும் அடம் பிடிக்கும். அதனால் அவிப்பதற்கென்று வாங்குவதை நான்கைந்து நாள் வைத்திருந்து எடுங்கள். நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று வாங்கிக்கொண்டே போனால் நாம் படுக்க இடம் இருக்காது.

கொங்கு மருமகள்:

ஐயா, உங்கள் வீட்டில் புட்டுக்குழல் கிடையாதா? அதில் புட்டு தவிர வேறு என்ன செய்கிறீர்கள்? இடியாப்ப உரல், முறுக்கு அச்சு, பணியாரக்கல், தேங்காய்த் துருவி எல்லாம் ஒரு வேலைக் கருவிகள்தாம். எங்கள் கோயம்புத்தூரில் 1955-இல் சபாபதி என்பவர் மின்சார மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். அது அரைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அதைப் பரணில் ஏற்றிய வீடு எத்தனை?

மேலூர் தாத்தா:

புட்டுக்குழலுக்குக் கரண்ட் வேண்டாமே, மருமகளே. என் அம்மாவின் பித்தளைக் குழல் இன்னும் ஒரு முறைகூடப் பழுதாகவில்லை.

குடமுருட்டிக் கரைக்காரன்:

சகோதரி, கும்பகோணம் பக்கம் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 23 ஆண்டாயிற்று. எந்தச் சாதனம் வீட்டுக்குத் தேவை என்று விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. என் கடையின் வேலைப் பலகையைப் பார்த்தால் தெரியும். கிரைண்டர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் இவைதாம் பெரும்பாலும் வரும். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் இன்றைக்கும் பழுதுபார்க்க வருகின்றன. சப்பாத்தி இயந்திரத்தைச் சரிசெய்யச் சொல்லி இத்தனை வருடத்தில் ஒருவரும் வரவில்லை. அது கெட்டுப்போகாமல் உழைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டால் கவலைப்பட ஆளில்லை.

எக் பாய்லர் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டாக இருக்கிறது. நானாக விரும்பி வாங்கவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா தனக்கான இரண்டு முட்டையைத் தானே அவிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவருக்கு 79 வயது. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்தால் உலகமே மறந்துவிடும். முதல் தடவை தண்ணீர் வற்றிச் சட்டி கருகியது. இரண்டாம் தடவை முட்டை வெடித்து மஞ்சள் கரு உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்ட ஏணி போட்ட அன்றே கடைவீதிக்குப் போய் பாய்லரை வாங்கி வந்தேன். தானாக அணையும் என்ற ஒரே காரணத்துக்காக.

அது அணைவது எளிய விஷயம். அதன் சூடாக்கும் தட்டில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. கடைசிச் சொட்டும் ஆவியானதும் சட்டென ஏறும். அடியில் இருக்கும் தெர்மோஸ்டாட் அதை உணர்ந்து மின்சாரத்தை வெட்டிவிடும். எத்தனை நிமிடம் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் கடிகாரம். மருமகள் சொன்ன அதே 1955-இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த ரைஸ் குக்கரிலும் இதே சூட்சுமம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. முட்டை குறைந்தால் தண்ணீரைக் கூட்டி ஊற்ற வேண்டும். அளவுக் குவளையிலேயே அப்படித்தான் கோடு போட்டிருக்கும். அச்சுப் பிழை என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பிழையில்லை. ஆவி குளிர்ந்த முட்டையில் பட்டு நீராகித் தட்டுக்கே சொட்டி, மறுபடி கொதிக்கிறது. ஏழு முட்டை இருந்தால் சொட்டுவதும் அதிகம், அதே தண்ணீர் திரும்பத் திரும்ப உழைக்கும். இரண்டே முட்டை என்றால் பெரும்பகுதி ஆவி மூடித் துளை வழியாக வெளியே போய்விடும். அப்பா முதல் வாரம் கோட்டை நம்பாமல் குறைவாக ஊற்றிக் கொழகொழவென்று தின்றார். கேட்டால் பக்குவம் அதுதான் என்றார்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை சில. மலிவான சிலவற்றில் தட்டு ஆறியதும் தெர்மோஸ்டாட் தானே திரும்ப ஒட்டிக்கொண்டு வெறுந்தட்டைச் சூடாக்கும். கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். அணைந்த பிறகு ஐந்தாறு நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குவளையின் அடியில் ஓடு குத்துவதற்கு ஊசி இருக்கும், சின்னவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். முட்டையின் அகன்ற முனையில்தான் குத்த வேண்டும், காற்றறை அங்கேதான் இருக்கிறது.

அம்பத்தூர் என்கிறீர்கள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? அப்படியானால் பத்தே நாளில் தட்டில் வெள்ளை உப்புப் படியும். தடித்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தட்டிலேயே தங்கி, முட்டை வேகும் முன்பே பாய்லர் அணைந்துவிடும். “கெட்டுப்போச்சு” என்று பாய்லரைத் தூக்கி வருபவர்களில் பாதிப்பேருக்கு நான் செய்யும் வைத்தியம் எலுமிச்சைச் சாறுதான். தட்டில் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும். கத்தியால் சுரண்டாதீர்கள், முழுதாகத் தண்ணீரில் முக்காதீர்கள்.

கரண்ட் செலவைப் பற்றிக் கணவர் பேச்செடுத்தால் கணக்கு இதோ. 350 வாட், தினமும் கால் மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஐந்தேகால் யூனிட். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெர்மோஸ்டாட் போய்விட்டால் பழுதுபார்க்கக் கொண்டு வராதீர்கள். என் கூலியும் சாமானும் சேர்ந்து புதிய பாய்லரின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். தொழிலுக்கு விரோதமாகத்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா சொன்ன இட்லிப் பானை அருமையான வழி. ஆனால் உங்களுக்குப் பானையா பஞ்சம்? பர்னர்தானே இல்லை. அடுப்பை விட்டுவிட்டுப் பிளக்கில் வேலை செய்வதும், நீங்கள் டப்பா கட்டும்போது யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதும்தான் இதில் உங்களுக்கு லாபம். தினமும் ஆறு முட்டை என்பது உண்மையானால் இது பரண் ஏறாது. பையன் கைப்பந்தை விட்டால் மறுவாரமே ஏறிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கொங்கு மருமகள்:

எங்கள் வீட்டில் அதிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டுபோட்டு அவிக்கிறோம். தாத்தாவிடம் சொல்ல வேண்டாம், அப்புறம் அது இரண்டு வேலைக் கருவி ஆகிவிடும்.

மேலூர் தாத்தா:

படித்துவிட்டேன். கடைக்காரத் தம்பி சொன்ன பர்னர் கணக்கை நான் யோசிக்கவில்லை. இந்த வயதில் எனக்கு ஒரே பர்னர் போதும், அதனால் தோன்றவில்லை. ஆனாலும் அறுநூற்றைம்பதுக்கு நாமக்கல் முட்டை எத்தனை வரும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அம்பத்தூர் கலா:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். உடனே வாங்கவில்லை. ஒன்று உள்ளே வர வேண்டுமானால் பரணிலிருந்து இரண்டு வெளியே போக வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்றார். சப்பாத்தி இயந்திரத்தைப் பழைய சாமான் வாங்குபவர் எடை போட்டு எடுத்துப் போனார். கைக்கு வந்தது எண்பது ரூபாய். கயிறு இல்லாத டப்பா குப்பைக்குப் போனது.

பாய்லர் வாங்கி ஆறு நாள் ஆகிறது. கடையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துத்தான் வாங்கினோம், முகம் சுளிக்கத்தான் செய்தார். ஆறு முட்டையும் சரியாக வேகின்றன. ஓராண்டு கழித்துத்தான் தீர்ப்பு எழுதுவேன், நானே போட்ட நிபந்தனையாயிற்றே.

ஆரஞ்சு பிழியும் கருவியை மட்டும் கொடுக்க முடியவில்லை. மாமியார் விடமாட்டேன் என்கிறார். அதன் கிண்ணத்தில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறாராம்.