வேலையாகக் காம்பியா போகிறேன்: ஏப்ரல், மே மாதங்களில் அங்கே என்ன பறவைகளைப் பார்க்கலாம்?

நாங்குநேரி நாரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு முந்திரி ஆலைக்குக் கொட்டை கொள்முதல் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் ஏப்ரலிலும் மேயிலும் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியாவுக்கு என்னை அனுப்புகிறார்கள். மூட்டைகளில் சாம்பிள் எடுத்து வெட்டிப் பார்த்து, 80 கிலோவுக்கு எத்தனை ராத்தல் பருப்பு தேறும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. தங்குவது செரெகுண்டாவில். சில நாள் பிரிக்காமாவிலும் இருக்க வேண்டி வரும். ஞாயிறு மட்டும் ஓய்வு.

கூந்தன்குளத்துக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் வளர்ந்தவன். சங்குவளை நாரை, கூழைக்கடா, பூநாரை, குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து எல்லாம் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். வெளிநாட்டுப் பறவைகள் எதுவும் தெரியாது. ஒரு நல்ல பைனாகுலர் இருக்கிறது. அங்கே சாதாரணமாகக் கண்ணில் படுபவை எவை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்வரக்கூடிய இடங்கள் எவை, தனியாகப் பைனாகுலரோடு அலையலாமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பொதிகைச் சாரல் எழுதியது:

கொடுத்து வைத்தவர் நீங்கள். ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு அது. ஆனாலும் 550-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆண்டுதோறும் பறவை பார்ப்பதற்கென்றே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நான் போனதில்லை, படித்ததுதான். முதலையின் வாய்க்குள் புகுந்து பல்லைச் சுத்தம் செய்யும் என்று பழங்கதை சொல்லும் முதலைப்பறவை அங்கே பாசே என்ற ஊரில் ஆற்றங்கரையில் தென்படுமாம். எப்படியாவது அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேலப்பாளையத்தான் எழுதியது:

தம்பி, செரெகுண்டாவில் ஒரு அரிசி மண்டியில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்து காலம் ஓடிவிட்டது; அந்தப் பறவைகள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலைப்பறவை அழகானதுதான். ஆனால் அதற்காக ஏப்ரலில் பாசே போகச் சொல்ல மாட்டேன். பாசே நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது, ஒரு ஞாயிறு போதாது. அந்தப் பறவை அங்கே நிற்பதும் மழைக்காலத்தின் பின்பகுதியிலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும்தான். அரிய பறவை ஒன்றைத் துரத்திக்கொண்டு போய், வழியெல்லாம் மரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் திரும்பும் ஆட்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. ஒரு நாட்டின் சாதாரணப் பறவைகள் பழகினால்தான் அந்த நாடு பழகும். உங்களுக்கு வாய்த்திருப்பதும் அதற்கேற்ற வேலை; இரண்டு மாதம் ஒரே ஊரில் இருக்கப் போகிறீர்கள்.

முதலில் பரப்பளவைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி பிரிந்துபோன 1986-க்கு முன்னால் நம் திருநெல்வேலி மாவட்டம் எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் முழு காம்பியா நாடும், பதினோராயிரம் சதுர கிலோமீட்டர் சொச்சம். நடுவே காம்பியா ஆறு ஓடுகிறது. ஆற்றின் இரு கரையும்தான் நாடு. மூன்று பக்கம் செனகல், மேற்கே கடல். கடலோரம் மணல், முகத்துவாரத்தில் அலையாத்தி, உள்ளே போகப்போக நெல்வயல், நிலக்கடலைக் காடு, புல்வெளி. பனையும் உண்டு. நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனை, நடுமரம் கொஞ்சம் பருத்திருக்கும். அதைச் சுற்றிப் பனை உழவாரன்கள் பறப்பதைப் பார்த்த அன்று நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நம் ஊர்ப் பனை உழவாரனின் நெருங்கிய சொந்தம் அது. தொங்கும் பனையோலையில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைத்து, முட்டையையும் அதிலேயே ஒட்டிவிடும். காற்றில் ஓலை எவ்வளவு ஆடினாலும் முட்டை விழாது.

உங்களுக்கு வெளிநாட்டுப் பறவை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உங்களுக்குத் தெரியும் தம்பி. நம் செந்தார்ப் பைங்கிளி அங்கேயும் அதே இனம்தான். நெடுங்கால் உள்ளான், கருப்பு வெள்ளை மீன்கொத்தி, சாம்பல் நாரை, வக்கா, சின்னத் தவிட்டுப்புறா எல்லாம் நம் குளத்தில் பார்ப்பவைதான். மற்ற பலவற்றுக்குக் குடும்பம் தெரியும், ஆள்தான் வேறு. செம்போத்து குரல் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு செம்போத்து என்று சொல்லிவிடுவீர்கள். பார்த்தால் செனகல் செம்போத்தாக இருக்கும். ஆட்காட்டி நம் ஆட்காட்டியைப் போலவே ஊரைக் கூட்டும். ஆனால் தலையும் மார்பும் கருப்பு, சிறகில் முள். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். வாலின் இரு ஓரத்திலும் நீண்ட இழை தொங்கினால் அபிசீனியப் பனங்காடை. தவிட்டுக்குருவி அங்கேயும் கூட்டமாகத்தான் சண்டை போடும். காகம் மட்டும் வேறு: கழுத்தும் மார்பும் வெள்ளை வெளேர் என்றிருக்கும்.

நமக்கு எந்தச் சொந்தமும் இல்லாத முகங்களும் உண்டு. சாம்பல் வாழைத்தின்னி என்று ஒன்று. கோழி அளவுக்கு நீளம், மஞ்சள் அலகு, ஆல அத்திப் பழங்களைத் தின்றுவிட்டு உரக்கச் சிரிக்கும். அது சேர்ந்த டுராக்கோ குடும்பம் ஆப்பிரிக்காவைத் தவிர உலகில் எங்கும் இல்லை. அதே குடும்பத்து ஊதா டுராக்கோவை அபுக்கோ என்ற காப்பிடத்தில் பாருங்கள். இறக்கையை விரித்தால் உள்ளே இரத்தச் சிவப்பு. சுத்தியல்தலை என்ற பழுப்பு நீர்ப்பறவை சுள்ளிகளைக் குவித்து ஆள் உட்காரும் அளவுக்குக் கூடு கட்டும். கருங்கொக்கு ஒன்று இரு சிறகையும் தலைக்கு மேல் குடைபோல் கவிழ்த்து, அந்த நிழலுக்குள் மீன் தேடும். வீட்டு முற்றத்தில் சோறு சிந்தினால் தீச்சில்லை என்ற சிவப்புக் குருவி வந்து பொறுக்கும். நீளவால் மினுமினுப்பு மைனாவை வெயிலில் பார்த்தால் நீலமா பச்சையா ஊதாவா என்று சொல்ல முடியாது. இதெல்லாம் தேடிப் போக வேண்டாதவை, தெருவிலேயே இருப்பவை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பாறு, பிணந்தின்னிக் கழுகு என்பார்களே அது. முக்காடு போட்டது மாதிரி தலையில் பழுப்புத் தூவல், வெற்று இளஞ்சிவப்பு முகம், கோபமோ பசியோ வந்தால் முகம் சிவந்துவிடும். மெல்லிய அலகு, கனத்த தோலைக் கிழிக்க வராது. அதனால் ஆடறுக்கும் இடத்திலும் மீன் சந்தையிலும் குப்பை மேட்டிலும் மனிதன் விட்டதைத் தின்று வாழ்கிறது. செரெகுண்டாவில் கூரைக்குக் கூரை உட்கார்ந்திருக்கும். யாரும் விரட்ட மாட்டார்கள். சாதாரணப் பறவை என்றுதான் அங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் 2015 முதல் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பக்கத்திலேயே கினி பிசாவில் 2020 வாக்கில் விஷம் வைத்து 2,000-க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றார்கள். அதன் தலை யோகம் தரும் என்ற மூடநம்பிக்கை. கூரையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள், தம்பி. எந்த ஊர், எந்தச் சந்தை, எத்தனை என்று குறித்துவையுங்கள். அரிய பறவையைப் பார்த்த குறிப்பைவிட அது பயன்படும்.

வண்ணார்பேட்டை டீச்சர் எழுதியது:

மேலப்பாளையத்து அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ப் புறத்தில் செத்த மாட்டைப் போட்டால் எங்கிருந்தோ பாறுகள் வந்து இறங்கும். எலும்பு மட்டும் மிஞ்சும். என் மாணவிகளில் ஒருத்திகூட அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். அதற்குள் நாட்டிலிருந்த பாறுகளில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் அவற்றைக் காண நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊரிலும் அவை ஒரு காலத்தில் சாதாரணப் பறவைதான். சாதாரணம் என்பதாலேயே அன்று யாரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. இப்போது தாமிரபரணிக் குளங்களில் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவிகளை அழைத்துக்கொண்டு போகிறேன். நீர்க்காகத்தையும் உண்ணிக்கொக்கையும் எதற்கு டீச்சர் எண்ண வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களிடம் பாறுவின் கதையைத்தான் சொல்வேன். தம்பி, அண்ணாச்சி சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நாங்குநேரி நாரை எழுதியது:

அண்ணாச்சி, டீச்சர், இருவருக்கும் நன்றி. பாறுகளைக் கட்டாயம் எண்ணுவேன். எங்கள் ஊர்ப் பக்கம் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அண்ணாச்சி, ஞாயிறுகளை எப்படிப் பிரித்துக்கொள்வது, வழிகாட்டி தேவையா என்று மட்டும் சொல்லுங்கள். ஏதோ சிவப்புக் குருவி ஒன்று வயலில் தீயாக எரியும் என்று எங்கோ பார்த்தேன், அது கிடைக்குமா?

மேலப்பாளையத்தான் எழுதியது:

அந்தச் சிவப்புக் குருவி மழை விழுந்து புல் வளர்ந்த பிறகுதான் நிறம் மாறும். ஜூனில் மழை தொடங்கும். நீங்கள் இருக்கும்போது அது சிட்டுக்குருவி போலப் பழுப்பாகத் திரியும். ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கியவையும் பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். அதற்கு ஈடாக ஒன்று: ஏப்ரல், மே வறட்சியில் நீர் சுருங்கிவிடும், எஞ்சிய குட்டையை நோக்கி எல்லாப் பறவையும் வரும். நம் ஊரில் கோடையில் விஜயநாராயணம் குளம் வற்றும்போது நடக்கிறதே, அதேதான். எனவே எங்கே தண்ணீர் என்று மட்டும் கேளுங்கள்.

முதல் ஞாயிறு கோட்டு என்ற கடலோர ஊருக்குப் போங்கள். செரெகுண்டாவிலிருந்து மிக அருகில். ஓடைப் பாலத்தின் மேல் விடியும் முன்பே போய் நில்லுங்கள். வற்றத்தில் சேறு வெளியே வந்ததும் உள்ளான்கள் இறங்கும், கம்பியில் மீன்கொத்திகள் வரிசையாக இருக்கும், கரையில் செனகல் கண்கிலேடி அசையாமல் நிற்கும். வழிகாட்டிகள் அந்தப் பாலத்தருகே கூடுவார்கள். ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். உரிமம் உள்ளவரா என்று பாருங்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். அந்தப் பையன்கள் குரலை வைத்தே இனம் சொல்லிவிடுவார்கள்; ஒரு காலை அவர்களோடு நடந்தால் அடுத்த ஞாயிறுகளில் தனியாகவே சமாளிக்கலாம். அவர்களுடைய பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

அபுக்கோவுக்கு ஒரு ஞாயிறு கட்டாயம். 1968 முதல் காப்பிடம். சிறியதுதான், நூறு ஹெக்டேர் சொச்சம், நடந்தே முடித்துவிடலாம். உள்ளே முதலைக் குளத்தை நோக்கி ஒரு மறைவிடம் இருக்கிறது. அங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். ராட்சத மீன்கொத்தி வரலாம். நம் அரசவால் ஈபிடிப்பானுக்குச் சொந்தமான செவ்வயிற்று ஈபிடிப்பான் நிழலில் பறக்கும். தஞ்சிக் கடற்கரையை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், படகு வந்து மீன் இறங்கும் நேரம். உவரியில் படகு வந்ததும் காகம் மொய்க்கும், அங்கே கடற்காகங்களும் ஆலாக்களும் மொய்க்கும்.

பிரிக்காமாவில் இருக்கும்போது ஃபாராசுத்தோ என்ற சிறு காட்டைக் கேட்டுப் போங்கள். ஊர்க்காரர்களே காக்கும் காடு. பகலில் உறங்கும் ஆந்தையையும் பக்கியையும் அவர்களே காட்டுவார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் நீங்கள்; அவர்களிடம் அதைச் சொல்லுங்கள், மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

பைனாகுலரோடு அலையலாம். ஆனால் சோதனைச் சாவடி, துறைமுகம், படகுத்துறை, விமான நிலையம் பக்கம் அதையும் கேமராவையும் பைக்குள் வைத்துவிடுங்கள். யாருடைய வயலில் இறங்கினாலும் முதலில் சலாம் சொல்லி, நங்கா தெஃப் என்று நலம் கேளுங்கள். நலம் விசாரிக்காமல் வேலையைப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. சொன்னால் தோட்டத்துக்குள் தாங்களே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் காட்டுவார்கள். நீங்கள் கொட்டை வாங்கப் போகும் முந்திரித் தோப்புகளும் பறவைக்கு நல்ல இடம்தான். மூட்டை கட்டும் நேரத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள், இருவாச்சி இருக்கும்.

கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள், மலேரியா உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.